வால்வை மாற்றினால் பாட்டு மாறுமா?

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மாணவ நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கராகக் கடமையாற்றிய அவருடைய தாத்தா, இசைத்தட்டு இயந்திரம் ஒன்றையும், வால்வுகளால் இயங்கும் ஆம்ப்ளிபயர் ஒன்றையும், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் குடும்பத்துக்கு விட்டுச் சென்றாராம். சில மாதங்களாக அதில் பாட்டு மங்கி ஒலிக்கிறதாம். "பழைய இங்கிலாந்து வால்வுகளை வாங்கிப் பொருத்துங்கள்; பாடகர் உங்கள் வீட்டுக்குள் வந்து நின்று பாடுவார்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். விலையைக் கேட்ட தாயாரோ, அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் புத்தகமும் சப்பாத்தும் வாங்கிவிடலாமே என்கிறார். "வால்வை மாற்றினால் உண்மையிலேயே ஓசை மாறுமா? மாறுமெனில் அந்தப் பணத்தைச் செலவிடலாமா?" என்பது மாணவரின் வினா.

சுருக்கமான விடை இது: ஓசை மாறும், ஆனால் விற்பவர் கூறுமளவுக்கு மாறாது, மாறுவதெல்லாம் நன்மைக்காக மாறுவதும் அன்று. பணத்தைச் செலவிடுமுன் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. விரிவான விடையை இனிக் காண்போம்.

வால்வு என்பது யாது?

1904 இல் இங்கிலாந்தில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் என்னும் பேராசிரியர், காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் சூடேறும் இழையொன்றையும் உலோகத் தகடொன்றையும் வைத்து, மின்னோட்டம் ஒரே திசையில் மாத்திரம் செல்லும் சாதனமொன்றை அமைத்தார். ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவைப் போன்றதாகையால் அதற்கு வால்வு என்னும் பெயர் வந்தது. 1906 இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி வலையைப் புகுத்தினார். பாடநூல்களில் நெய்யரி எனப்படுவது அதுவே.

பிற்கால வால்வுகளில் இழை தானே வேலை செய்வதில்லை; அது கதோட்டு எனப்படும் குழலைச் சூடாக்க, அக்குழலிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு அனோட்டுத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள நெய்யரியில் இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் அற்ப மின்சாரத்தைக் கொடுத்தால், அது அந்தப் பெரும் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டிவைக்கிறது. பெரிய வாய்க்காலின் மடைப்பலகையைச் சிறுவன் ஒருவன் ஏற்றி இறக்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். சிறுவனின் வலிமை சிறிது. அவன் அடக்கி ஆளும் நீரோ பெரிது. ஒலியைப் பெருக்குவதன் இரகசியம் இவ்வளவே.

மலைநாட்டில் வால்வு

பதுளைக்கு இருப்புப்பாதை வந்தது 1924 இல். அதற்கு அடுத்த ஆண்டு கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. 1949 இல் ரேடியோ சிலோன் என்னும் பெயரைப் பெற்ற அந்நிலையம், 1950 இல் வர்த்தக ஒலிபரப்பையும் ஆரம்பித்து, தமிழ்த் திரைப்பாடல்களை இம்மலைகளிலும் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் ஒலிக்கச் செய்தது. அக்காலத்துப் பெட்டிகளெல்லாம் வால்வுப் பெட்டிகளே.

மின்சாரம் எட்டாத இடங்களுக்கென உலர் பற்றரியால் இயங்கும் வானொலிகள் செய்யப்பட்டன. அவற்றின் வால்வு இழைக்கு 1.4 வோல்ற்று போதும். அனோட்டுக்கோ 90 வோல்ற்று வேண்டும். அவசரத்தில் 90 வோல்ற்று முனையை இழைக்குக் கொடுத்துவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் எல்லா வால்வுகளும் உயிரை விட்டுவிடும். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. சின்னஞ்சிறு பற்றரிகளோடு லயத்துக் காம்பராக்களுக்குள்ளும் வானொலி புகுந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், கிடைத்த வால்வைக் கொண்டே கிடைக்காத வால்வின் வேலையை ஒப்பேற்றும் சாமர்த்தியம் பழுதுபார்ப்போருக்குத் தேவைப்பட்டது. அன்று வால்வை மாற்றியது பெட்டி பாடுவதற்காக. இன்று மாற்றுவதோ பாட்டு இனிப்பதற்காக. நோக்கம் வேறாயினும் கற்க வேண்டிய பாடம் ஒன்றே.

பெயரைப் படிக்கும் வித்தை

மாணவரின் ஆம்ப்ளிபயரில் ஈ.ஸி.ஸி. 83 ஒன்று, ஈ.எல். 84 இரண்டு, ஈ.இஸட். 81 ஒன்று ஆக நான்கு வால்வுகள் உள்ளன. ஐரோப்பிய வால்வுகளின் பெயர் வெறும் எழுத்துக் கோவை அன்று. முதலெழுத்து இழையைச் சூடாக்கும் முறையைக் கூறும். ஈ என்றால் 6.3 வோல்ற்று, டீ என்றால் பற்றரிக்குரிய 1.4 வோல்ற்று, யூ என்றால் வரிசையாக இணைத்து 100 மில்லி அம்பியர் ஓட்டத்தில் சூடாக்கப்படுவது. அடுத்து வரும் எழுத்துகள் தொழிலைக் கூறும். ஸி என்பது மூன்று முனை வால்வு; இரண்டு ஸி வருமானால் ஒரே குமிழினுள் அத்தகைய வால்வுகள் இரண்டு உண்டு என்பது பொருள். எல் என்பது ஸ்பீக்கரை இயக்கும் வலிய வால்வு. இஸட் என்பது ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் வால்வு.

இதை அறியாதவர் உருவத்தைக் கண்டு ஏமாறுவர். ஈ.ஸி.எல். 82 உம் யூ.ஸி.எல். 82 உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஊசிகளும் ஒன்றே. ஆயினும் முன்னதன் இழைக்கு 6.3 வோல்ற்று, பின்னதன் இழைக்கு 50 வோல்ற்று. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. பொருந்துகிறது என்பதும் பொருத்தமானது என்பதும் வேறு வேறு.

எது எவ்வளவு மாறும்?

முதலில் ஈ.ஸி.ஸி. 83 ஐ எடுத்துக் கொள்வோம். அமெரிக்கர் இதனையே 12 ஏ.எக்ஸ். 7 என்பர். இதே ஊசி அமைப்பும் இதே இழைத் தேவையும் கொண்ட தம்பிமார் இருவர் உளர்: ஈ.ஸி.ஸி. 81, ஈ.ஸி.ஸி. 82. பெருக்கும் ஆற்றலைக் குறிக்கும் எண் 83 க்கு 100; 81 க்கு ஏறத்தாழ 60; 82 க்கு 17 அளவே. ஆகவே 83 இன் இடத்தில் 82 ஐச் செருகினால் ஓசை வெகுவாகத் தணியும். சிலர் அத்தணிவையே 'என்ன சாந்தமான நாதம்!' என்று புகழ்வதுண்டு. அது நாதத்தின் மாற்றமன்று; ஒலியளவின் மாற்றம். மேலும், 82 தனக்குச் சிறப்பாக வேண்டும் ஓட்டமோ 83 இனதைவிடப் பன்மடங்கு. 83 க்கென அமைத்த தடைகளோடு அது தன் முழுத் திறமையையும் காட்டுவதில்லை.

ஒரே வகை வால்வுகளுள்ளும் வேறுபாடு உண்டு. ஒன்றில் இரைச்சல் மிகுதி. மற்றொன்றில் இரு பாதிகளும் ஒத்த வலிமையில் இரா. வேறொன்று, பென்சிலின் இறப்பர் முனையால் மெல்லத் தட்டினாலே ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணியடிக்கும். முன்வரிசை வால்வில் இக்குறை இருந்தால் அதை மாற்றுவது நியாயமே. ஆனால் குறையற்ற இரண்டு 83 களை ஒப்பிட்டு, இது இந்தத் தொழிற்சாலை, அது அந்தத் தொழிற்சாலை என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுவது மிகக் கடினம்.

இதற்குப் பொறியியலாளரே ஒரு காரணம். 1927 இல் அமெரிக்காவின் ஹரோல்ட் பிளாக், பெருக்கிய ஒலியின் ஒரு பகுதியை எதிர்முகமாகத் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பி, இடையில் நேரும் பிழைகளைத் தாமாகவே குறையச் செய்யும் முறையைக் கண்டார். 1947 இல் வில்லியம்ஸன் என்பவர் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்ளிபயர் இம்முறையை நன்கு பயன்படுத்தியது. எதிர்ப்பின்னூட்டம் என்னும் இதன் பயனாக, வால்வுக்கு வால்வு உள்ள சிறு வேறுபாடுகள் மேலும் சிறுத்துவிடுகின்றன. அது குறைவாக உள்ள, அல்லது அறவே இல்லாத ஆம்ப்ளிபயரில் மாற்றம் சற்றுத் தெளிவாகக் கேட்கும்.

நேரோட்டம் தரும் வால்வில் மட்டும் விளையாட்டு வேண்டா. ஈ.இஸட். 80 இன் இழைக்கு 0.6 அம்பியர், ஈ.இஸட். 81 க்கு 1 அம்பியர். 80 க்கென அமைந்த பெட்டியில் 81 ஐப் பொருத்தினால் நிலைமாற்றியின் மீது சுமை ஏறும். நிலைமாற்றி எரிந்தால் அதே வகை மீண்டும் கிடைப்பது அரிது. பத்து வால்வுகளின் விலையையும் விஞ்சும் நஷ்டம் அது.

வால்வு வாங்குமுன்

முன்பு நன்றாகப் பாடிய பெட்டி சில மாதங்களில் மங்கியதாயின், குற்றவாளி வால்வு மாத்திரமே என்று தீர்ப்பளித்துவிடலாகாது. விசாரணையை இவ்வரிசையில் நடத்துக.

முதலாவது ஊசி. தேய்ந்த ஊசி பாட்டை மங்கச் செய்வதோடு தாத்தாவின் இசைத்தட்டுகளையும் உழுதுவிடும். ஊசியைத் தாங்கும் பிக்கப் தலையையும் பாருங்கள். அக்காலத்துப் பிக்கப்புகள் பலவற்றில் ரொஷெல் உப்பு என்னும் பளிங்கு இருந்தது. ஈரமும் வெப்பமும் அதற்குப் பகை. ஆண்டின் பல மாதங்கள் பனிமூட்டமும் மழையும் சூழும் மலைநாட்டில், அப்பளிங்கு கரைந்து வலுவிழந்திருந்தால் எந்த நாட்டு வால்வும் அதனைக் காப்பாற்றாது.

இரண்டாவது ஊசித்தொடுப்புகள். அதே ஈரத்தினால் வால்வின் ஊசிகளிலும் அவை செருகும் சொக்கெட்டுகளிலும் களிம்பு படிகிறது. மின்சாரத்தை நிறுத்தி, நன்றாக ஆறிய பின், பழைய வால்வையே கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் பல வேளைகளில் ஓசை தெளிந்துவிடும். புதிய வால்வைப் பொருத்தியதும் 'அற்புதம்!' என்று வியப்பவர்களுள் எத்தனை பேர் இந்தத் துடைப்பின் பலனைத்தான் வியக்கிறார்களோ!

மூன்றாவது மின்னழுத்தம். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. பழைய பெட்டிகளின் பின்புறத்தில் 200, 220, 240 என்றவாறு தெரிந்தெடுக்கும் முளை இருக்கும். அது தவறான இடத்தில் இருந்தாலோ, நெடுந்தூரக் கம்பியின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்தாலோ, கதோட்டுகள் போதிய சூடேறாமல் பாட்டு சோர்ந்து ஒலிக்கும்.

நான்காவது கண்டென்சர்கள். இதுவே மிக முக்கியம். முன்வரிசை வால்விலிருந்து ஈ.எல். 84 க்கு ஒலியைக் கடத்தும் பழைய காகிதக் கண்டென்சர் காலப்போக்கில் கசியத் தொடங்கும். கசிந்தால் நெய்யரிக்கு வரக்கூடாத நேர்மின்னழுத்தம் வந்து, ஓட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி, அனோட்டுத் தகடு செந்தணலாகச் சிவக்கும். அந்நிலையிலுள்ள பெட்டியில் விலையுயர்ந்த புதிய வால்வைச் செருகுவது, ஓட்டைப் பானையில் பாலை வார்ப்பதற்கு ஒப்பாகும். சில கண்டென்சர்களின் விலையோ மிகச் சொற்பம்.

தேயிலை சுவைப்போர் காட்டும் வழி

இவ்வளவும் சரிபார்த்த பின்னரும் வால்வுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஆசையிருந்தால், அதற்குரிய ஆசான் நம் தோட்டத் தொழிற்சாலையிலேயே இருக்கிறார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி நறுமணம் ஏறுகிறது. அதைச் சுவைப்பவர் எவ்வாறு மதிப்பிடுகிறார்? ஒரே வகை வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தூளின் எடை ஒன்று. கொதிநீரின் அளவு ஒன்று. ஊறும் நேரம் ஒன்று. தூள் மட்டுமே வேறு. ஆகையால் நாக்கு கண்ட வேறுபாடு தூளின் வேறுபாடே என்று அவரால் துணிந்து கூற முடிகிறது. நேற்றுப் பாலூற்றிக் குடித்ததையும் இன்று வெறுமனே குடித்ததையும் ஒப்பிட்டு அவர் விலை சொல்வதில்லை.

வால்வுக்கும் இதுவே விதி. மாணவரின் ஆம்ப்ளிபயர் இரு ஸ்பீக்கர்களுக்கும் வெவ்வேறு ஈ.எல். 84 கொண்டது, இது ஒரு நல்வாய்ப்பு. பழைய வால்வு இடப்பக்கம், புதிய வால்வு வலப்பக்கம் இருக்கட்டும். இரு பக்கமும் ஒரே ஒலியைத் தரும் பழைய மோனோ இசைத்தட்டு ஒன்றை வையுங்கள். இரு பக்கத்து ஒலியளவையும் சமமாக்குங்கள். ஏனெனில் சற்று உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று செவி மயங்கும். பின்பு ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் மாறி மாறிக் கேளுங்கள். கண்ட வேறுபாட்டைத் தாளில் எழுதுங்கள். அடுத்து மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, இரு வால்வுகளையும் இடம் மாற்றிப் பொருத்தி, மீண்டும் கேளுங்கள். வேறுபாடு வால்வோடு சேர்ந்து மறுபக்கம் சென்றதா? அப்படியாயின் அது வால்வின் குணம். முன்னிருந்த பக்கத்திலேயே நின்றதா? அப்படியாயின் அது ஸ்பீக்கரின் அல்லது வேறு உறுப்பின் குணம். வால்வின் மீது பழிபோடுவதும் புகழ் சூட்டுவதும் வீண்.

இன்னும் நுட்பமாகச் சோதிக்க விரும்புவோர், எந்தப் பக்கம் எந்த வால்வு என்பதைத் தங்கையிடமோ தாயாரிடமோ இரகசியமாகக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்துத் தடவை ஊகித்துப் பார்க்கலாம். ஐந்து சரியாக வருவது நாணயத்தைச் சுண்டினாலும் வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவது வெறும் அதிர்ஷ்டத்தால் நூற்றுக்கு ஒரு முறை அளவே நிகழும். அப்போது உங்கள் செவி உண்மையிலேயே எதையோ கேட்கிறது என்று நம்பலாம்.

பெயரும் பொருளும்

பழைய வால்வுகளுக்கு ஏன் இவ்வளவு விலை? இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மல்லார்ட் வால்வுகளைச் செய்த தொழிற்சாலையும், ஒல்லாந்தில் பிலிப்ஸின் ஹீர்லன் தொழிற்சாலையும் வால்வு செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சியிருப்பவை குறையக் குறைய விலை ஏறுகிறது. விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுகின்றன. அக்காலத்திலேயே ஒரு தொழிற்சாலையின் வால்வு பல வியாபாரப் பெயர்களில் விற்கப்பட்டதுண்டு. மல்லார்ட் என்னும் பெயரோ அண்மைக் காலத்தில் ரஷ்யாவில் செய்யப்படும் வால்வுகளின் மீதும் அச்சிடப்படுகிறது. அவை கெட்டவை என்பதன்று. பழைய இங்கிலாந்து வால்வின் விலைக்கு அவற்றை வாங்கலாகாது என்பதே கருத்து.

கண்ணாடியின் அடிப்புறத்தில் மங்கலாகப் பொறித்த இரு வரிக் குறியீட்டைப் பாருங்கள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் பீ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் பிளாக்பர்ன்; சிறு முக்கோணம் இருந்தால் ஹீர்லன். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். மேலே அச்சிட்ட பெயர் விரலால் தேய்த்தாலே அழியும். அதை மட்டும் நம்ப வேண்டா. குமிழின் உச்சியில் வெள்ளி போன்று மின்னும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால், உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. இலவசமாகத் தந்தாலும் பயனில்லை. இந்தியாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் முன்னாளில் செய்த வால்வுகளும், இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் செய்யப்படுபவையும் வீட்டுக் கச்சேரிக்குப் போதுமானவையே.

ஓர் எச்சரிக்கை

இத்தகைய ஆம்ப்ளிபயரினுள் 250 முதல் 300 வோல்ற்று வரை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர்களில் அது தங்கியிருந்து உயிரைக் குடிக்க வல்லது. மின்செருகியைக் கழற்றி, ஆறிய பின், வெளியிலிருந்து வால்வை நேராக இழுத்து எடுப்பதும் செருகுவதும் மாணவர் செய்யத் தக்கவை. மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது தேர்ந்த தொழிலாளியின் வேலை. யூ வரிசை வால்வுகள் உள்ள பெட்டிகளில் உட்சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொடுக்கப்பட்டிருக்கலாம். அவற்றைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. இடிமின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வானம் இருண்டதும் செருகியைக் கழற்றிவிடுவது குடும்பத்தார் அனைவரும் பழகிக்கொள்ள வேண்டியது.

ஆகவே பசறை மாணவருக்கும் அவருடைய தாயாருக்கும் நாம் கூறுவது: புத்தகத்தையும் சப்பாத்தையும் முதலில் வாங்குங்கள். மீதத்தில் புதிய ஊசி ஒன்று, தேர்ந்தவர் கையால் கண்டென்சர் சோதனை, ஊசித்தொடுப்புகளைத் துடைத்தல். இவற்றின் பின்னரும் பாட்டு மங்கினால், வால்வுகளைச் சோதிக்கும் கருவி உள்ள இடத்தில் காட்டி, தேய்ந்தது எதுவோ அதை மட்டும் இன்று செய்யப்படும் வால்வினால் மாற்றுங்கள். கழற்றிய பழைய வால்வுகளை எறிந்துவிடாமல் துணியில் சுற்றி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். விலைமிக்க அரிய வால்வு என்பது எல்லாத் தேவைகளும் நிறைவேறிய வீட்டின் பொழுதுபோக்கு. அது தவறன்று, அவசரமும் அன்று.

இடம் மாற்றிக் கேட்கும் சோதனையைச் செய்து பார்க்கும் நேயர்கள், வேறுபாடு வால்வோடு சென்றதா, இருந்த பக்கத்திலேயே நின்றதா என்பதை ஓர் அஞ்சலட்டையில் நமக்கு எழுதுவார்களாக. கேட்டவற்றை உள்ளபடி எழுதினால் போதும். ஒன்றும் வேறுபடவில்லை என்பதும் நல்லதொரு விடையே.